காற்று அசையாத ராத்திரிகள்

முகாம், பண்டார் தெங்காராவுக்கு அப்பால்
7 ஜூன் 2024, வெள்ளி

அண்ணே,

நலமா என்று ஆரம்பித்தால் "பாத்தா தெரியல?" என்று கேட்பாய். பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறேன், அதனால் கேட்காமலேயே ஆரம்பிக்கிறேன். "போன்ல பேசுனா சண்டதான் வருது, எழுதிப் போடு" என்றவன் நீதான். எழுதுகிறேன். முகாமில் லைன் கிடையாது. காட்டுக்கு நடுவே கருவிகள் மாட்டியிருக்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறினால் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து கொஞ்சம் லைன் வரும். உன்னிடம் திட்டு வாங்குவதற்காக அவ்வளவு உயரம் ஏற என் முட்டி சம்மதிக்கவில்லை.

இதை ஜெயபாலன் அண்ணன் கொண்டுவருவார். எங்கள் முகாமின் டிரைவர், மாசாயில் நம் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கிறார். சனிக்கிழமை வீட்டுக்கு வருவார், திங்கள் காலை அரிசியும் மீனும் சமையல் கேஸ் தோங்கும் ஏற்றிக்கொண்டு மேலே வருவார். உன் பதிலை அவரிடம் கொடு. நீளமாக எழுதப் பிடிக்காவிட்டால் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியாவது எழுது.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் மிஷினோடு வீட்டுக்கு வந்த வாரத்திலேயே நான் காட்டுக்குக் கிளம்பியது உனக்கு ஆறவில்லை. "மரம் மூச்சு விடுறத அளக்கப் போற, பெத்தவரு மூச்சு விடுறதப் பாக்க ஆளில்ல" என்றாய். அதற்கு அப்புறம்தான் நான் போனை வைத்தேன். நீ சொல்லிப் பார்த்துத் தயார் செய்துகொண்டு பேசியது மாதிரி இருந்தது. ரொம்ப நாள் காதிலேயே நின்றது.

நான் ஏன் இப்போதே வர வேண்டியிருந்தது என்று அன்றைக்குச் சொல்ல விடவில்லை. இந்த மாதங்களில்தான் இங்கே ராத்திரியில் காற்று அடங்கிக் கிடக்கும். காற்று அடங்கிய ராத்திரியில் காடு எவ்வளவு கரியமில வாயு வெளியே விடுகிறது என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். அதை அளக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆகஸ்டோடு முடிந்துவிடும். வந்துவிடுவேன்.

அப்பாவிடம் சொல், இங்கே கோப்பி மோசம்.

ஃபெலிசியா

*

மாசாய்
9 ஜூன் 2024, ஞாயிறு

ஃபெலி,

ஒரு வரி போதும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வரியில் அடங்குகிற மாதிரி உன் அப்பா நடந்துகொள்வதில்லை.

ராத்திரி தூங்குவதே இல்லை. மூக்கில் மாட்டியிருக்கும் குழாயைக் கழற்றுவார், மாட்டுவார். எழுந்து உட்காருவார். "டேய் அட்ரியா, ஜன்னலத் தொறடா" என்பார். திறந்தால், "கொசு வருது, மூடு லா." முப்பது வருஷம் பாசிர் கூடாங்கில் எண்ணெய் ஆலை பாய்லரைக் கவனித்தவர். இப்போது அந்த மிஷினைப் பார்த்து, "இது சத்தமே சரியில்ல, யாரோ ஏமாத்திட்டானுங்க" என்கிறார். எனக்கு நைட் ஷிப்ட் வந்தால் பக்கத்து வீட்டு பிரேமலா அக்கா வந்து நம் சோபாவில் படுத்துக்கொள்கிறார். அவருக்கும் வயதாகிறது. எத்தனை நாள் கேட்பது?

டாக்டர் மிஷினின் திருகை ஒன்றில் வைக்கச் சொன்னார். விரல் மீட்டரில் ஆக்சிஜன் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை இருந்தால் போதும் என்றார். போதுமாம். நேற்று எண்பத்தொன்பது காட்டியது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். டேங்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்ப்பவன் நான். எண் கொஞ்சம் இறங்கினால் அலாரம் அடிக்கும், எவனையும் உள்ளே விட மாட்டேன். பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, அப்பாவின் விரலில் குறைந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார வேண்டுமாம்.

ஆகஸ்ட் எல்லாம் வேண்டாம். இந்த மாசக் கடைசியில் வா. இல்லாவிட்டால் நான்தான் வேலையை விட வேண்டும். நான் மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு முடியவில்லை.

உன் கோப்பி சமாசாரத்தைச் சொன்னேன். "அவள யாரு போகச் சொன்னா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அட்ரியன்

*

முகாம்
14 ஜூன் 2024

அண்ணே,

"எனக்கு முடியவில்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ இதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அம்மா போனபோதுகூட நீதான் கல்லறைக்கு ஆள் பிடித்தாய், சாப்பாடு சொன்னாய், எல்லாரையும் அதட்டிக்கொண்டே இருந்தாய். நானும் அதை வசதியாக எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

எண்பத்தொன்பது எனக்கும் குறைவாகத்தான் தெரிகிறது. டாக்டருக்குப் போன் பண்ணி, கொஞ்சம் கூட்டலாமா என்று கேள். கேட்டுவிட்டுச் செய்.

இந்த மாசக் கடைசியில் வருவது பற்றி நாளைக்குச் சொல்கிறேன் என்று மூன்று நாளாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படு. எனக்கு வர மனமில்லை. அப்பாவைப் பார்க்க மனமில்லை என்று அர்த்தமில்லை. இங்கே ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறேன், அதை விட்டுவிட்டு இறங்க முடியவில்லை. உச்சியில் உள்ள கருவி, காற்று அசையாத ராத்திரிகளில் காடு மூச்சே விடவில்லை என்கிறது. மரம் நிற்கிறது, சருகு மக்குகிறது, மண் முழுக்க உயிர், ஆனால் எண் மட்டும் பூச்சியத்துக்குப் பக்கத்தில். எங்களைப் போன்றவர்கள் வழக்கமாக அந்த ராத்திரிகளைக் கணக்கிலிருந்து தூக்கிப் போட்டுவிட்டு, காற்றடித்த ராத்திரிகளைப் பார்த்து ஒரு மதிப்பை எழுதி நிரப்பிவிடுவார்கள். தப்பு வேலை இல்லை, எல்லாரும் ஒப்புக்கொண்ட முறைதான். எனக்குத்தான் உறுத்துகிறது. இந்த வாரம் மரத்தடியிலும் ஓடைப் பள்ளத்திலும் குழாய் வைத்து, கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.

பிரேமலா அக்காவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். அவருக்கு முதுகு வலிக்கும், சோபாவில் படுக்க விடாதே. என் கட்டிலைக் கொடு.

ஃபெலி

*

மாசாய்
16 ஜூன் 2024, ஞாயிறு

ஃபெலி,

"எனக்கு வர மனமில்லை" என்று எழுத உனக்குத் தைரியம் இருக்கிறது. படித்துவிட்டு ஒரு ரவுண்டு மோட்டார் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தேன். சரி விடு. இந்த வாரம் எனக்குச் சண்டை போட மனமில்லை, ஏனென்றால் நல்ல செய்தி இருக்கிறது.

அப்பா தூங்குகிறார்!

நீ எழுதியது வருவதற்கு முன்னமே டாக்டருக்குப் போன் பண்ணினேன், பிடிக்க முடியவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன், லைனில் பாட்டுதான் ஓடியது. வியாழக்கிழமை எண்பத்தேழு காட்டியதும் நானே மிஷினின் திருகை நாலுக்குக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றெட்டு! பள்ளிக்கூடத்தில் நீ வாங்குவாயே, அந்த மார்க். அன்றைக்கு ராத்திரி ஒரு சத்தம் இல்லை. குழாயைக் கழற்றவில்லை, ஜன்னல் கேட்கவில்லை, என்னைக் கூப்பிடவில்லை. நான் இந்த மாதத்தில் முதல் தடவையாக முழுசாகத் தூங்கினேன். முகமும் சிவந்து நல்ல ரத்த ஓட்டமாக இருக்கிறது. பிரேமலா அக்காகூட, "மாப்பிள்ள மாதிரி இருக்காரு" என்றார்.

எழுந்ததும் தலை வலிக்கிறது என்கிறார். அக்கா தைலம் தேய்த்துவிடுகிறார். இத்தனை நாள் தூங்காத தூக்கம் எல்லாம் சேர்ந்து வருகிறது போல, பகலிலும் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இன்றைக்குத் தந்தையர் தினம் என்று பூசையில் அப்பாமார்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இவர் சக்கர நாற்காலியில் குறட்டை. சாமியாரே சிரித்துவிட்டார். காலையில் கோப்பிக் கோப்பையைக் கீழே போட்டார், கை ஒரு மாதிரி படபடத்தது. என்னைப் பார்த்து, "ஃபெலி, துடைச்சிடும்மா" என்றார். உன் ஞாபகம் அவ்வளவு இருக்கிறது. நீ கொடுத்துவைத்தவள்.

போன வாரம், தெளிவாக இருந்தபோது, ஒன்று கேட்டார்: "அவ ராத்திரில காட்டுல அப்பிடி என்னதான் பாக்குறா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புரிகிற மாதிரி எழுது, படித்துக் காட்டுகிறேன்.

நாளையிலிருந்து எனக்கு நைட் ஷிப்ட். அக்கா வந்து படுப்பார், உன் கட்டிலில்தான்.

அட்ரியன்

*

முகாம்
17 ஜூன் 2024, திங்கள்

அண்ணே,

நல்ல செய்தி! தொண்ணூற்றெட்டு என்று படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீயும் தூங்கினாய் என்பது அதைவிடச் சந்தோஷம். இப்போதே பதில் எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்பாவுக்குப் படித்துக் காட்ட:

அப்பா, பகலில் வெளிச்சம் இருக்கும்போது இலைகள் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். இருட்டினால் இலை, வேர், மண்ணில் மக்கும் சருகு எல்லாமே நம்மைப் போல அதை வெளியே விடும். பகலில் இழுத்தது எவ்வளவு, ராத்திரியில் விட்டது எவ்வளவு என்று பார்த்தால்தான் இந்தக் காடு காற்றுக்கு எவ்வளவு நல்லது செய்கிறது என்று சொல்ல முடியும். கோபுர உச்சியில் இருக்கும் கருவி, தன்னைத் தாண்டி மேலே போகிறதை மட்டும்தான் பார்க்கும். காற்று அசைந்தால் வாயு மேலே போகும், கருவி பார்த்துவிடும். காற்று அசையாவிட்டால் ஒன்றுமே வெளியே வரவில்லை என்று ஓர் அழகான எண்ணைக் காட்டும். அதை நம்பினால் காடு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாம்.

போன வாரம் கீழே குழாய் வைத்துப் பார்த்தோம். வாயு எங்கேயும் போகவில்லை அப்பா. மரத்தடியிலேயே தேங்குகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் உச்சியில் நானூற்றுச் சொச்சம், தரைக்குப் பக்கத்தில் அறுநூறைத் தாண்டிவிட்டது. ஓடைப் பள்ளத்தில் இன்னும் மோசம். மேலே எண் அழகாக இருக்க, அடியில் ஏறிக்கொண்டே இருக்கிறது. விடிந்து வெயில் பட்ட பிறகுதான் கிளம்புகிறது. ஆக, அமைதியாக இருக்கிற ராத்திரி நல்ல ராத்திரி என்று நினைக்கக் கூடாது. அப்போதுதான் உள்ளே

அண்ணே, எழுந்ததும் தலைவலி என்று எழுதியிருக்கிறாய்.

முகம் சிவந்திருக்கிறது. கை படபடத்தது. உன்னை ஃபெலி என்று

விரல் மீட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும். உள்ளே தேங்குவதைக் காட்டாது. அண்ணே, அவர் தூங்கவில்லை

*

மாசாய்
30 ஜூன் 2024, ஞாயிறு

ஃபெலி,

ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். "சாப்டியா", "டாக்டர் வந்தாரா", இவ்வளவுதான் பேசினோம். நீ நேற்று மேலே போனதும் எனக்குப் பேச வருகிறது. நம் வீட்டு ரத்தமே இப்படித்தான்.

முதலில் ஒன்று. இருட்டில் கோபுரத்தில் ஏறக் கூடாது என்பது உங்கள் முகாமின் சட்டமாம். அன்றைக்கு ராத்திரி போன் பண்ண நீ தனியாக ஏறினாயாம். ஜெயபாலன் சொன்னார், கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தாராம். பெல்ட் போட்டிருந்தாயா? எங்கள் கொம்பனியில் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நீ எனக்கு அடித்த போன் கால் எல்லாம் என் லாக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, உனக்கே தெரியும். நீ அக்காவைக் கூப்பிட்டது கடவுள் புண்ணியம். "அண்ணே, அண்ணேன்னு உலுக்குறேன், கண்ணே தொறக்கல அட்ரியா" என்று அவர் இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார். நீ சொன்னபடி திருகை ஒன்றுக்கு இறக்கிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். கண்ட்ரோல் ரூமிலிருந்து என்னைத் தேடி வந்து சொன்னபோது நான் ஒரு டேங்கு வாசலில் கேஸ் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அதை எப்படிக் கீழே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

டாக்டர் சொன்னதை உன் எதிரில்தான் சொன்னார், ஆனாலும் நான் எழுதிப் பார்க்க வேண்டும். அப்பாவைப் போல நாள்பட்ட நுரையீரல்காரர்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால், கரியமில வாயு வெளியே போகாமல் ரத்தத்தில் ஏறும். ஏற ஏற மயக்கம் வரும். அது பார்க்கத் தூக்கம் மாதிரியே இருக்கும். அதனால்தான் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு போதும் என்று ஆரம்பத்திலேயே சொன்னார். எனக்குத்தான் போதும் என்ற வார்த்தை பிடிக்கவில்லை. நான்தான் திருகினேன் ஃபெலி. நான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிய ராத்திரிகளில் அப்பா பக்கத்து அறையில் போய்க்கொண்டிருந்தார்.

உன் பாதிக் கடிதத்தை ஜெயபாலன் என்னிடம் கொடுத்தார். முகாம் மேசையில் கிடந்ததாம். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து படித்தேன். உனக்கு முன்னமே தெரிந்திருக்கும், என்னை முட்டாள் என்று நினைத்திருப்பாய் என்றுதான் அதுவரை உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். கடிதம் "நல்ல செய்தி!" என்று ஆரம்பிக்கிறது. ஆச்சரியக்குறி வேறு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அலமாக், ஐயோ, இவளும் நம்மைப் போலத்தான் என்று.

அப்பா நாளைக்கு வீட்டுக்கு வருகிறார். ராத்திரிக்கு, தேங்கும் வாயுவை வெளியேற்ற உதவும் ஒரு முகமூடி மிஷின் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மீட்டரைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அட்ரியன்

*

முகாம்
5 ஜூலை 2024

அண்ணே,

பெல்ட் போட்டிருந்தேன். இருட்டில் கொக்கியை மாட்ட நேரமானது, ஆனால் மாட்டினேன். எனக்கு இங்கே எச்சரிக்கைக் கடிதமும் ஒன்று கிடைத்திருக்கிறது, உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான் முன்னமே கண்டுபிடித்துவிட்டேன் என்று யாரும் என்னைப் புகழ வேண்டாம். பிரேமலா அக்கா என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தபோது எனக்குக் கூசியது. அழகான எண்ணை நம்பும் இதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே காட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது. தலைவலி, சிவந்த முகம், படபடத்த கை. தொண்ணூற்றெட்டைப் பார்த்ததும் மற்ற எதையும் நான் படிக்கவே இல்லை. அப்பா அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், நான் அதற்குப் பதில் எழுதாமல் இருந்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தால் ராத்திரி போய்விடுகிறது.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல நினைத்தேன். இங்கே வந்தபின் மூன்று தடவை ராஜினாமா எழுதிக் கிழித்தேன். அண்ணே, எனக்கு இந்த வேலை வேண்டும். அப்பாவும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசை என்றால் சொல். முகாமில் பேசிவிட்டேன், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயபாலன் அண்ணனோடு மாசாய் வருவேன், திங்கள் காலைதான் திரும்புவேன். அந்த இரண்டு ராத்திரியும் அப்பா என் பொறுப்பு, நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. மற்ற நாளில் சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே உச்சிக்கு ஏறிக் கூப்பிடுவேன். சண்டை வந்தால் வரட்டும். முட்டி பழகிவிட்டது.

காற்று அசையாத ராத்திரி ஒன்றையும் நான் இந்த வருஷம் தூக்கிப் போடப் போவதில்லை. கீழே இறங்கி அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். காடு இழுத்துக்கொண்டதாகக் காட்டும் மொத்த எண் குறையும், சிலருக்குப் பிடிக்காது.

முகமூடியோடு எப்படி இருக்கிறார்? ஒன்றையும் விடாமல் எழுது. நல்லதை மட்டும் பொறுக்கி எழுதாதே.

ஃபெலி

*

மாசாய்
7 ஜூலை 2024, ஞாயிறு

ஃபெலி,

நேற்று உங்கள் லாரிப் பாதையில் மரம் விழுந்ததால் உன்னை ஏற்றிவர முடியவில்லை என்று ஜெயபாலன் உன் கடிதத்தை மட்டும் நீட்டினார். அவர் மட்டும் தோட்டத்து மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்தாராம். முதல் சனிக்கிழமையே இப்படி. உன் ராசி. நீ கேட்டது பேராசைதான். அடுத்த வாரம் வா.

கேட்டபடி ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். முகமூடியைப் பார்த்து, "நான் என்ன போர் விமானமா ஓட்டப் போறேன்?" என்றார். மாட்டினால் மூக்கு அரிக்கிறது, கழற்றினால் மூச்சு முட்டுகிறது, இரண்டுக்கும் நான்தான் காரணமாம். ராத்திரி எழுந்து ஜன்னல் கேட்கிறார், கொசுவைத் திட்டுகிறார், பாய்லர் காலத்துக் கெட்ட வார்த்தை எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பிரேமலா அக்கா காதைப் பொத்திக்கொள்கிறார். தலைவலி இல்லை. கோப்பிக் கோப்பையை ஒழுங்காகப் பிடிக்கிறார். என்னை அட்ரியா என்றுதான் கூப்பிடுகிறார்.

மீட்டர் தொண்ணூறு. நேற்று எண்பத்தொன்பது. திருகைத் தொடக் கை அரித்தது ஃபெலி. வால்வு ரிப்பேரில் இருந்தால் யாரும் தொடக் கூடாது என்று கொம்பனியில் ஒரு சிவப்பு அட்டை மாட்டுவோம், மாட்டியவன் பெயர் அதில் இருக்கும், அவனைத் தவிர எவனும் கழற்றக் கூடாது. அதில் ஒன்றைக் கொண்டுவந்து ஆக்சிஜன் மிஷினின் திருகில் மாட்டிவிட்டேன். பெயர் போடும் இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். இனி நான் தொட முடியாது.

எனக்கு இப்போது தூக்கம் வருகிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை. அவர் சத்தம் போட்டால் நன்றாகத் தூங்குகிறேன். சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

அப்பா பேனாவைக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

அட்ரியன்

ஃபெலி, நான் சும்மா கண்ண மூடுனாக்கூட இவன் வந்து தோளப் புடிச்சு உலுக்குறான். மனுசன் நிம்மதியா தூங்க முடியல. சனிக்கிழம வந்து ஒன் அண்ணனக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அப்பா.